முகத்துக்குக் கொஞ்சம் மேலே

"நேராப் பாக்காதீங்க பெரியம்மா. நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் மேல, வலது பக்கமா. சத்தத்தக் கேளுங்க, அது கூட்டிட்டுப் போவும்."

ஜெபசுதா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் இதைத்தான் சொல்வாள். கண் ஆஸ்பத்திரிக்கு வருகிற மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். அற்புதமணி டீச்சரிடம் மட்டும் அது நடக்காது. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, வாயையே அசைக்கக்கூடாத நிலையிலும் டீச்சருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"வேல பாத்த காலம் பூரா 'ஏலே, நேராப் பாருல, போர்டப் பாருல'ன்னு பிள்ளையளப் போட்டு அடிச்சிருக்கேன். இப்ப என்னய ஒருத்தி நேராப் பாக்காதன்னு சொல்லுதா. ஆண்டவர் கணக்குத் தீக்காரு பாத்தியா."

"பேசாதீங்க, தாட அசையுது."

"அசையட்டும்."

இருட்டறையில் கண்ணைப் பழக்குகிற அந்த இயந்திரம் டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. எதிரே உள்ள திரையில் டீச்சரின் கண் பெரிதாகத் தெரிந்தது. அது அலைந்து அலைந்து தேடியது. சரியான இடத்துக்குக் கிட்டே வந்தால் சத்தம் நெருங்கும். இடத்தைப் பிடித்துவிட்டால் ஒரே இழுப்பாக நீளும். நழுவினால் மறுபடியும் டிக், டிக். விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சின்ன வட்டம்தான் நாம் பார்ப்பது என்று சொல்வதையெல்லாம் செய்கிறது. வயதாகி அது கருகிப்போனவர்களுக்குப் பார்க்கிற இடம் மட்டும் அழிந்துபோகும், சுற்றிலும் எல்லாம் அப்படியே இருக்கும். டீச்சருக்குக் கதவு நிலை தெரியும், கதவில் நிற்கிற ஆள் தெரியாது. தட்டின் விளிம்பு தெரியும், தட்டில் இருக்கிற இட்லி தெரியாது. கருகாமல் மிச்சமிருக்கிற இடத்தில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, இனிமேல் இதுதான் நடு என்று கண்ணைப் பழக்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரே வாசல் வழியாகப் போய்வந்த கண் புது வாசலுக்கு அவ்வளவு லேசில் மாறிவிடாது. அதனால்தான் காதைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும்? உப்பளத்தில் வேலை பார்த்த செல்லப்பாண்டி பஸ் போர்டு என்றார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிய ஒருவர், இனி ஓட்ட முடியாது என்று தெரிந்தும், ரோடு என்றார். ஒரு பெண் வெட்கப்படாமல் சீரியல் என்றாள். அற்புதமணி டீச்சர் யோசிக்கவே இல்லை.

"ஒன் மூஞ்சியப் பாக்கணும் மொதல்ல. இவ்வளவு பொறுமையாப் பேசுதவ மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாண்டாமா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜெபசுதாவைப் பார்த்தவள், சட்டென்று குனிந்து தன் கைநகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஜெபசுதாவின் முகத்தில் வெண்புள்ளி. பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்தில் உதட்டோரம் பொட்டளவு தொடங்கியது. தேமல் என்று நினைத்து அவள் அம்மா எதையெதையோ அரைத்துப் பூசினாள். பொட்டு கேட்கவில்லை. இரண்டு கண்ணைச் சுற்றியும் ஏறி, மூக்கில் இறங்கி, இடது கன்னத்தை முழுக்க எடுத்துக்கொண்டு கழுத்துவரை போய்த்தான் நின்றது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் தொற்றாது. நிறம் போகும், அவ்வளவுதான். ஆனால் ஊர் அதற்கு வைத்திருக்கிற பெயர் வெண்குஷ்டம். அந்தப் பெயரில் பின்பாதி மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுகிறது. சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டில் அவளுக்கு என்று தனியாக ஒரு டம்ளர் ஒதுங்கியபோது, அம்மாவும் போன பிறகு இங்கே எதற்கு என்று தூத்துக்குடிக்கு வந்தாள். மாப்பிள்ளையூரணியில் ஒற்றை அறை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பதில் உள்ள தொல்லை தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும்.

முறைத்துப் பார்க்கிறவர்களை அவளால் தாங்கிக்கொள்ள முடியும். பார்த்த மாத்திரத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்களே, அந்த நல்லவர்களைத்தான் தாங்க முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் திரும்பி ஏதோ கேட்க வாயெடுப்பாள், பார்ப்பாள், கேட்க வந்ததை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். வேதக்கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது கை வரும், கண் வராது. கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு புலம்பிய காலத்தில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எல்லோரும் கழற்றி எறிந்த பிறகும் அவள் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் யாரும் கேட்கவும் இல்லை. கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளைக்குத் தடித்த கறுப்பு பிரேம் போட்ட, பவர் இல்லாத கண்ணாடி ஒன்று.

இருட்டறை வேலையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற டெக்னீஷியன்கள் ஓடி ஒளிகிற வேலை அது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. உள்ளே வருகிறவர்கள் அவள் குரலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவள் குரலிடம்தான் வீட்டுக் கதை சொன்னார்கள். ஊரார் கண் கெட்டுப்போனதில் தனக்கு ஒரு நிம்மதியா என்று சில சமயம் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது வருகிற நிம்மதி வரத்தான் செய்தது.

அற்புதமணி டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் கிளார்க்காக இருந்த கணவர் இறந்து வருஷங்கள் ஆயிற்று. பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் சொந்தமாகச் சின்ன வீடு. உறவு என்று சொல்ல நாசரேத்தில் ஒரு தம்பி, பொன்னுதுரை. அவன் வீட்டோடும் கொஞ்ச காலமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம், நேரில் வந்து அழைக்கவில்லையாம். டீச்சர் போகவில்லை. "எனக்கு ரோசம் சாஸ்தி, அதான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "அம்மா"வென்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபசுதாவை, "எல்லாத்தையும் அம்மாங்கே, பிச்சைக்காரிய கூட அம்மாங்கே, என்னயப் பெரியம்மான்னு கூப்பிடு" என்று மாற்றியதும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சரை ஆட்டோவில் கொண்டுபோய் விடப் போனவள், சாப்பிடாமல் திரும்ப முடியவில்லை. சாளை மீன் குழம்பு. டீச்சர் மூக்கையும் கையையும் வைத்தே சமைப்பார்; உப்பு மட்டும் ஜெபசுதா பார்த்துச் சொன்னாள். தட்டைப் போட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜெபசுதா மாஸ்கைக் கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றி வைத்தாள். திறந்த முகத்தோடு இன்னொரு மனுஷிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது சோறு தொண்டையில் நின்றது. முள் மாட்டிக்கொண்டது என்று டீச்சர் பதறி, வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். எழுந்து வந்து முதுகைத் தட்டியவர், அப்படியே கையை மேலே கொண்டுபோய் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, இடது கன்னம்.

"ஒரு பரு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. எண்ணெ தடவுன மாரி இருக்கு. நெறம் எப்படி ஏளா? மாநெறமா?"

விரலுக்கு நிறம் தெரியாது. ஜெபசுதா "ம்" என்றாள்.

"எங்க அம்மயும் மாநெறம்தான். நான் நெனச்சேன்."

அந்த ஒரு "ம்"முக்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனாள். டீச்சர் அவளுக்காக உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்து காப்பி போட்டார், அவள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார், போனில் கூப்பிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார். இதற்கெல்லாம் நடுவில் டீச்சர் மனசில் மாநிறமாக ஒரு பெண் நடமாடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குப் போகிற பாசத்தைத் தான் இடையில் நின்று வாங்கிக்கொள்வதாகத் தோன்றும். இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால் டீச்சரின் கண் அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. இத்தனை நாளில் அவள் பயிற்சி கொடுத்தவர்களில் இவ்வளவு சீக்கிரம் இடத்தைப் பிடித்தவர்கள் கிடையாது. சத்தம் நீளமாக நின்றது. இயந்திரத்தை விட்டு வெளியே வந்து பெரிய எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று இறங்கினார்கள். ஒருநாள் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பாதி வசனத்தை வாசித்துவிட்டு டீச்சர் மேஜையில் தலையை வைத்து அழுதார். அடுத்த கட்டம் முகம். முதலில் அட்டையில் படம், பிறகு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள். எழுத்து அசையாமல் நிற்கும். முகம் பேசும், சிரிக்கும், திரும்பும், அதைத் துரத்திப் பிடிக்கத் தனியாகப் பழக வேண்டும். டாக்டர் தொடங்கச் சொல்லிவிட்டார். அவள்தான் தள்ளிப்போட்டாள்.

"சின்ன எழுத்து இன்னும் நல்லா வரட்டும் பெரியம்மா. பொறவு மூஞ்சி."

"எழுத்து எங்கன ஓடிரப் போவுது? நான் என்ன சொன்னேன் மொத நாளு?"

"ஞாபகம் இருக்கு. வரட்டும்."

எழுத்துதானே முக்கியம், பைபிள் வாசிக்கிறார், மருந்துப் பட்டையை வாசிக்கிறார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. மாப்பிள்ளையூரணி அறையில் ஒற்றை விளக்கின் கீழே உட்கார்ந்து அந்த நாளை அவள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். டீச்சர் திட்டமாட்டார். முகம் சுளிக்கக்கூட மாட்டார். மற்ற நல்லவர்களைப் போலவே ஒரு நொடி பார்ப்பார், பிறகு கண் அதுபாட்டுக்கு ஒதுங்கும், பேச்சு கொஞ்சம் கூடுதல் அன்பாக மாறும். குழம்பும் கருப்பட்டியும் நிற்காது. ஆனால் எதிரே உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியாது. அந்தக் கண்ணும் ஒதுங்கிவிட்டால் அப்புறம் ஒதுங்காத கண் என்று அவளுக்கு எங்கேயும் மிச்சமில்லை. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று எழுத்தையே சின்னதாக்கிக்கொண்டு போனாள்.

பிறகு ஒருநாள் டீச்சர் வரவில்லை. போன் போட்டாள், பக்கத்து வீட்டு முருகேஸ்வரி எடுத்தாள். "டீச்சர் தம்பி தவறிட்டாவ. நெஞ்சுவலியாம். விடியக்காலம் கார்ல நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. போன வச்சிட்டுப் போயிட்டாவ பாத்துக்கிடுங்க." துஷ்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஜெபசுதா நினைத்தாள். சேலையைக்கூட எடுத்து வைத்தாள். நாசரேத் முழுக்கக் கூடியிருக்கும், அண்ணன் வீட்டுப் பக்கத்து ஆட்களும் வந்திருப்பார்கள், துக்க வீட்டிலும் ஒரு கூட்டம் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பும். சேலையை மடித்துத் திரும்ப வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

டீச்சர் திரும்பி வந்தபோது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல் விளிம்பெல்லாம் துறைமுகத்து நிலக்கரித்தூள். கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்தவர் தாடையைத் தாங்கியில் வைக்கவில்லை. ஜெபசுதா இயந்திரத்தை அணைத்தாள். அப்புறம் டீச்சர் வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"பாஸ்டரய்யா ஜெபம் பண்ணி முடிச்சாவ. பொட்டிய மூடப் போறோம், மூஞ்சி பாக்கவங்க பாத்துக்கிடுங்கன்னு சொல்லுதாவ. என்னய முன்னால கொண்டு விட்டாவ. குனிஞ்சு பாக்கேன். பொட்டி தெரியுது. மால தெரியுது. தலகாணி ஓரத்துல லேஸ் வச்சுத் தச்சிருக்காவ, அதுகூடத் தெரியுது. நடுவுல அவன் இருக்க எடம் மட்டும் பொக மண்டிக் கெடக்கு."

டீச்சர் நிதானம் மாறாமல் தொடர்ந்தார்.

"நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. மேல, வலது பக்கமா. கண்ணத் தூக்குனேன். எழுத்துன்னா நிக்கும், நானும் பிடிச்சிருவேன். அங்கன ஆளாளுக்கு இடிக்காவ, என் கையப் பிடிச்சு இழுத்து அழுதாவ. எனக்கு எடம் பிடிபடல. ஒரு காது மாரி வந்துச்சு, போயிட்டு. மறுபடியும் தேடுதேன். அதுக்குள்ள என் தம்பி பொண்டாட்டி பாத்துட்டா. 'அய்யோ, கடைசி நேரத்துல கூட மயினி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவளே, இன்னும் அந்தக் கோவம் போவலியே'ன்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு விழுதா. கல்யாணத்துக்கு நான் போவாம இருந்தேம்லா, அதச் சொல்லுதா. கூட்டம் பூரா நம்பிட்டு. இல்லளா, நான் பாக்கதுக்குத்தான் திருப்புனேன்னு சொல்ல வாயெடுக்கதுக்குள்ள பொட்டிய மூடி ஆணிய அடிச்சிட்டாவ."

டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாக்கதுக்குத்தான் மூஞ்சியத் திருப்புதேன்னு சொன்னா எவ நம்புவா? ஒனக்கு ஒருத்திக்குத்தான் அது தெரியும். அதான் ஒங்கிட்ட வந்து சொல்லுதேன்."

ஜெபசுதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு நாளில் தன்னைப் பார்த்துத் திரும்பிய கண்களுக்காக அவள் அழுதிருக்கிறாள். செத்துப்போன தம்பியை ஒரு கண் கடைசியாகப் பார்க்க முடியாமல் போகத் தானே காரணமாவோம் என்று நினைத்ததில்லை. முகப் பயிற்சியை டாக்டர் சொன்ன அன்றைக்கே தொடங்கியிருந்தால் டீச்சர் பொன்னுதுரையைப் பார்த்திருப்பார். முழுசாக இல்லாவிட்டாலும் நெற்றியும் மூக்கும் சேர்ந்து தம்பியாகிற அளவுக்குப் பார்த்திருப்பார். இதில் வேறு கணக்கு எதுவும் கிடையாது.

"பெரியம்மா, இன்னைக்கு மூஞ்சி ஆரம்பிப்போம்" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "தம்பி போட்டோ வச்சிருக்கியளா? அத வச்சே பழகுவோம்."

"வீட்ல இருக்கு. போட்டோல இருக்கவன் எங்கயும் போவ மாட்டான், மெதுவாப் பாத்துக்கிடலாம். உயிரோட இருக்கவளப் பாக்கணும் எனக்கு. மொத நாளே சொன்னேன்."

ஜெபசுதா எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். அந்த அறையில் பகல் வெளிச்சம் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது; இயந்திரத்தின் மேலிருந்த தூசி தெரிந்தது. நாற்காலியை இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டாள். முழங்காலும் முழங்காலும் தொட்டன.

"முந்தியே தொடங்கியிருக்கணும். டாக்டர் சொல்லிட்டாரு. நாந்தான் தள்ளிப் போட்டேன்."

"ஏன்?"

"என் மூஞ்சியில..."

"சொல்லாத." டீச்சர் கையை உயர்த்தினார். வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைகளை அடக்குகிற கை. "எல்லாத்தயும் அடுத்தவ சொல்லித்தான் தெரிஞ்சிக்கிட்டு இருக்கேன். சோத்துல உப்பு இருக்கான்னு சொல்லுதாவ, வாசல்ல யாரு நிக்கான்னு சொல்லுதாவ, என் தம்பி மூஞ்சி தூங்குத மாரி இருந்துச்சுன்னு சொல்லுதாவ. இத ஒண்ண நானாப் பாக்கேன்."

ஜெபசுதா மாஸ்கின் வாரை ஒரு காதிலிருந்து எடுத்தாள், இன்னொரு காதிலிருந்து எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஜன்னல் வழியாக வந்த காற்று கன்னத்தில் பட்டது. டீச்சர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிந்த, எதையும் பார்க்காத பார்வை. சனிக்கிழமை சாப்பாட்டில் இத்தனை நாளாக அவள் குளிர்காய்ந்த பார்வை அது. அதிலிருந்து அவரை இப்போது அவளே கிளப்பி அனுப்ப வேண்டும்.

மூஞ்சிக்கு இயந்திரம் கிடையாது. அவள் மேஜைமேல் நகத்தால் தட்டத் தொடங்கினாள். டிக். டிக்.

"இந்தச் சத்தத்தக் கேளுங்க பெரியம்மா."

டீச்சரின் கண் மேலே எழும்பியது. இடது பக்கம் போனது. அவள் தட்டுவதை மெதுவாக்கினாள். கண் தயங்கி நின்று, திரும்பி, வலது பக்கம் வந்தது. அவள் கொஞ்சம் வேகமாகத் தட்டினாள். அந்தக் கண் எங்கே போய் நின்றால் எதைப் பார்க்கும் என்று திரையில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். விரல் நினைத்தால் இப்போதும் பொய் சொல்லலாம். தப்பான இடத்தில் வேகமாகத் தட்டினால் போதும், டீச்சர் சுவரைப் பார்த்துவிட்டு அதுதான் அவள் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் விரல் பொய் சொல்லவில்லை. கண் நழுவியபோது தளர்ந்து, கிட்டே வந்தபோது நெருங்கி, அது டீச்சரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது.

கண் அவள் நெற்றிக்கு மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் போய் நின்றது. அங்கே சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு யாராவது உள்ளே வந்திருந்தால், இந்தக் கிழவி எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஜெபசுதாவின் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து இடைவெளி இல்லாத ஒரே சத்தமாயின. டீச்சர் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணைச் சுற்றிய வெள்ளையை, மூக்கை, இடது கன்னத்தை. டீச்சரின் வாய் லேசாகத் திறந்தது. வெளியே துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

இனி அந்தக் கண் கீழே இறங்கி நேராக அவளைப் பார்த்தால்தான் அவளை விட்டு ஒதுங்கியதாக அர்த்தம். ஜெபசுதா அது இறங்குவதற்காகக் காத்திருந்தாள். இறங்கவில்லை. தான் அழுகிறோமா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் அதையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் தெரிந்தது. விரல்கள் கடுத்தன. அவளையறியாமல் தட்டுவது தளர்ந்தது.

டீச்சர் கண்ணை அசைக்காமல், சுவிட்ச் போர்டைப் பார்த்தபடியே, அவள் முழங்காலைப் பிடித்தார்.

"நிறுத்தாத ஏளா. தட்டு."